சுரப்பியாரின் முள்

இந்தக் காலத்து ஆட்களுக்குக் களைப்பு வந்தால் படுக்கத் தெரியவில்லை. வரிசையில் போய் நிற்கிறார்கள்.

எங்கள் தெருக்கோடிக் கூடத்தில் மூன்று நாளாக அப்படியொரு வரிசை. வாசலில் பதாகை: 'மன அழுத்தமா? உங்கள் அட்ரினல் சுரப்பி அழுகிறது!' அதைத் தேற்ற வந்தவரை ஜனங்கள் டாக்டர் என்றார்கள். நான் சுரப்பியார் என்று வைத்துக்கொண்டேன். வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். படித்ததற்குச் சான்று அது ஒன்றுதான்.

நான் போனது மருமகளுக்காக. பஸ் டிப்போவில் வண்டிகளுக்கு நேரம் போட்டுக் கொடுப்பவள். ஒரு காதில் ஓட்டுநர் கத்துவார், மறு காதில் மேலாளர் கத்துவார். ஆஸ்பத்திரியில் கொடுத்த தைராய்டு மாத்திரையை இரண்டு நாளாக நிறுத்திவிட்டாள்.

"அது சுரப்பியைத் தூங்க வெச்சிடும்னு இந்த டாக்டர் சொல்றார் மாமா. இன்னிக்கு டெஸ்ட் முடிஞ்சதும் குப்பையில போட்டுடறேன்."

"அந்த மாத்திரை இல்லாம போன வருஷம் மாடிப்படியிலேயே சுருண்டு விழுந்தியே, மறந்துட்டியா?"

"நீங்களே வந்து பாருங்க."

பார்த்தேன். மேசைமேல் ஒரு பெட்டி, அதில் ஒரு முள், கையில் பிடிக்க இரண்டு பித்தளைத் தடி. உதவிக்கு இருந்த பெண், கிருமி போகட்டும் என்று மருமகளின் உள்ளங்கையை ஈரத்துணியால் துடைத்தாள். தடியைப் பிடித்ததும் முள் சிவப்புக்குத் தாவியது.

"சுரப்பி பத்தி எரியுதும்மா!" என்று சுரப்பியார் பதறினார். "வைட்டமின் சி, பி ஐந்து, மெக்னீசியம், துத்தநாகம், எல்லாம் இந்த ஒரே மாத்திரையில. முழுங்கு."

விழுங்கினாள். உதவிப் பெண் உலர்ந்த துண்டால் அவள் கையை ஒற்றி எடுத்தாள். என்ன மரியாதை! மருமகள் மறுபடி தடியைப் பிடித்தாள். முள் பச்சையில் படுத்துக்கொண்டது. கூட்டம் கை தட்டியது. மாத்திரை இன்னும் தொண்டையைத் தாண்டவில்லை, அதற்குள் சுரப்பி குணமாகிவிட்டது!

நான் நாற்பது வருஷம் ஹோட்டல் சலவைக்கூடத்தில் இஸ்திரி போட்டவன். புதிதாக வருகிறவனுக்கு அங்கே முதல் பாடம், ஈரக்கையோடு கரண்டுப் பெட்டியைத் தொடாதே என்பது. நான் அதைத் தோள்வரை ஒரு உதை வாங்கிக் கற்றேன்.

"எனக்கும் பாருங்க" என்று போய் நின்றேன். ஈரத்துணி, தடி, சிவப்பு. மாத்திரை கொடுத்தார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு துண்டை வாங்கிக் கையை நன்றாகத் துடைத்தேன். தடியைப் பிடித்தேன். பச்சை.

"பாத்தீங்களா பெரியவரே, மாத்திரையோட வேகத்தை!"

"பாத்தேன். என் பையில இருந்துக்கிட்டே வேலை செய்யுது."

எடுத்துக் காட்டினேன். கூடம் குலுங்கியது.

சுரப்பியார் சளைக்கவில்லை. "வயசானவங்க உடம்பு மெஷினை ஏமாத்தும்."

"சரி, இவ சின்ன வயசுதானே?" மருமகளிடம் ஈரத்துணியை நீட்டினேன். "கையைத் துடைச்சிட்டுப் பிடிம்மா."

பிடித்தாள். இப்போதுதான் குணமான சுரப்பி மறுபடியும் சிவந்தது. அவள் முகமும் கூடவே சிவந்தது.

"ஏன் சார், கையில இருக்கற ஈரத்தை அளந்துட்டு, எங்க மருந்தைக் குப்பையில போடச் சொல்வீங்களா?" என்று அவளே கேட்டாள்.

"இங்க எதிர்மறை அலை அதிகமா இருக்கு" என்று சுரப்பியார் பெட்டியை அணைத்துக்கொண்டு பின்வாசல் வழியே நடந்தார். நடந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது.

மருமகள் கைப்பையைத் திறந்து தைராய்டு மாத்திரை அட்டையைத் தொட்டுப் பார்த்து மூடினாள். "நாளைக்குக் காலையில வெறும் வயித்துல போட்டுடறேன் மாமா. ரெண்டு நாள் விட்டதையும் டாக்டர்கிட்ட சொல்லிடறேன்."

வந்த வேலை முடிந்தது என்று திரும்பினேன். பக்கத்துத் தையல்காரர் வழியை மறித்தார்.

"அண்ணே, மெஷின்தான் பொய். மாத்திரை நல்லதுதானே?"

"உன் உடம்புல என்ன குறையுதுன்னு ரத்தத்தைச் சோதிச்சுச் சொல்ற டாக்டரைக் கேளு. குறையலேன்னா எதுக்கு முழுங்கறே? நேரத்துக்குச் சாப்பிடு, தூங்கு."

"தூங்கறதுக்கு எந்த வைட்டமின் நல்லது?"

பின்னாலிருந்து இன்னொருவர்: "அடுத்த வாரம் கல்லீரலுக்கு ஒருத்தர் வர்றாராமே, அவர் எப்படி?"

"யோசிக்கிறதுக்கு மாத்திரை வர்றவரைக்கும் யோசிக்கவே மாட்டீங்களாய்யா?" என்று கேட்டேன்.

"அது எப்போ வருது?" என்றார் தையல்காரர்.

இனிமேல் ஜனங்கள் விழித்துக்கொள்வார்கள் என்றாள் மருமகள். எனக்கு நம்பிக்கை இல்லை. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு நடந்தேன்.