பெயிண்டை நம்பாத துரு சார்

மரக்காணம் வட்டாரத்தில் கடவுளை நம்பாதவர்கள் இருக்கிறார்கள், கட்சிகளை நம்பாதவர்கள் இருக்கிறார்கள், வானிலை அறிக்கையை யாருமே நம்புவதில்லை. ஆனால் பெயிண்டை நம்பாத ஒரே பிறவி எனக்குத் தெரிந்து துரு சார்தான். பளபளவென்று பெயிண்ட் அடித்த எதைக் கண்டாலும் அவர் முகம் சுருங்கிவிடும். "எதையோ மறைக்கிறான்யா" என்பார். அது வீட்டு கேட்டாக இருக்கலாம், மினி பஸ்ஸாக இருக்கலாம், புதிதாக டை அடித்துக்கொண்டு வந்த எங்கள் முதலாளியின் தலையாகவும் இருக்கலாம்.

உப்பளங்களுக்கு நடுவே எங்கள் முதலாளி ஒரு விமானப் பயிற்சிப் பள்ளி நடத்திவந்தார். பள்ளி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு ஓடுபாதை, ஒரு தகரக் கொட்டகை, இரண்டு குட்டி விமானங்கள், அந்த இரண்டையும்விடச் சத்தம் போடும் ஒரு ஏர்கூலர், அவ்வளவுதான். நான் ஆபீஸ் மேனேஜர். விமானங்களைப் பரிசோதித்து, பறக்கலாம் என்று கையெழுத்துப் போடும் இன்ஜினியர் துரு சார். சென்னையில் பெரிய பெரிய விமானங்களோடு மாரடித்து ரிட்டையரானவர். சொந்த ஊரான கீழ்புத்துப்பட்டிலிருந்து மொபெட்டில் வருவார். அவருடைய நிஜப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்.

அந்தப் பட்டப்பெயரை முதலில் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "துருன்னா அது இரும்புக்குப்பா. பிளேனு அலுமினியம். அலுமினியத்துக்கு வர்றது அரிப்பு" என்றார். "சரி சார், அப்ப அரிப்பு சார்னு கூப்பிடுறோம்" என்றேன். ஒரு நிமிடம் யோசித்தார். "துருவே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அலுமினியம் அரித்தால் சிவப்பாகத் தெரியாது, வெள்ளையாக மாவு பூக்கும். இதில்தான் எங்கள் ஊருக்குத் தகராறு. கடல் ஒரு பக்கம், உப்பளம் மறு பக்கம். காலையில் எழுந்து பார்த்தால் சைக்கிள் ஹாண்டில்பாரிலிருந்து மாதா சுரூபத்தின் கண்ணாடிப் பெட்டிவரை எல்லாவற்றிலும் வெள்ளை படிந்திருக்கும். வெள்ளையைக் கண்டால் உப்பு என்போம், ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுப்போம். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, கை தானாகப் போகும். விமானங்களைக் கழுவ வந்த அஞ்சலையக்கா உப்பளத்தில் வேலை செய்தவர். அவருக்குக் கை இன்னும் வேகமாகப் போகும். வந்த முதல் நாளே ஒரு விமானத்தைக் கண்ணாடி மாதிரி துடைத்து நிறுத்தினார். முதலாளி பூரித்துப் போனார். துரு சார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அக்கா, நான் பார்க்கிறதுக்கு முன்னாடி துணியே எடுக்காதீங்க."

"உப்புதானே சார்? அத்த வெச்சினு இன்னா பண்ணப் போறீங்க, குழம்புல போடப் போறீங்களா?"

"உப்பா இல்லையான்னு நான் சொல்றேன்" என்றார் துரு சார். இறக்கையின் அடியில் விரலை வைத்துத் தேய்த்தார். விரலை நாக்கில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு சிறிது நேரம் நின்றார். "கரிக்குது. இங்க துடைச்சிக்கோங்க" என்றார். அடுத்த இடத்துக்கு நகர்ந்தார். கரித்தால் அஞ்சலையக்கா துணியோடு வருவார், கரிக்காவிட்டால் துரு சார் டார்ச் லைட்டோடு மல்லாந்து படுத்துவிடுவார். இப்படி ருசி பார்க்கச் சொல்லி எந்தப் புத்தகத்திலும் இல்லை, வேறு யாரும் செய்யக்கூடாது என்று அவரே சொல்வார். ஆனால் தினமும் செய்வார்.

ஒரு நாள் திண்டிவனத்திலிருந்து ஒருவர் தன் பையனைச் சேர்ப்பதற்காக இடம் பார்க்க வந்தார். முதலாளி அவருக்கு இளநீர் கொடுத்துக் கொட்டகையைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க, அந்தப் பெரியவரு பிளேனை டேஸ்ட் பார்க்கிறாரு?"

"குவாலிட்டி கன்ட்ரோல்ங்க" என்றார் முதலாளி, முகத்தை மாற்றாமல். பையனை நர்சிங் காலேஜில் சேர்த்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

துரு சாரின் சட்டைப் பையில் பல் டாக்டர்கள் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடி ஒன்று எப்போதும் இருக்கும். கை நுழையாத இடுக்குகளைப் பார்க்க அதுதான் வசதி என்பார். நல்ல விஷயம்தான். ஆனால் அவர் எதிரில் நாம் வாய்விட்டுச் சிரிக்க முடியாது. ஒரு தடவை நான் சிரித்தபோது, "கீழ் வரிசை, இடது பக்கம், உள்ளே ஏதோ கறுப்பா இருக்குது, உடனே காட்டுங்க" என்று என்னைக் கலங்கடித்துவிட்டார். பஸ் பிடித்துப் போய் டாக்டரிடம் வாயைத் திறந்தேன். முறுக்கில் இருந்த எள்ளு என்றார் டாக்டர். வந்து சண்டை போட்டேன். "எள்ளுன்னு இப்பத் தெரிஞ்சிடுச்சுல்ல, அப்புறம் ஏன் கத்துறீங்க?" என்றார் மனிதர்.

அனுமந்தையில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். எல்லோரும் பிரியாணி எப்போது என்று பார்த்துக்கொண்டிருக்க, இவர் மேடை அலங்காரத்தின் இரும்புக் குழாயை நாணயத்தால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் பிடிக்கவில்லை போலிருக்கிறது. நேரே மேடை ஏறி, மாப்பிள்ளை பெண் இருவரையும் எழுப்பி, நாற்காலிகளை ஓரமாக நகர்த்திப் போட்டார். போட்டோகிராபர் கத்தினார், பெண்ணின் அப்பா முறைத்தார். அலங்காரம் அப்படியே கம்பீரமாக நின்றது, ஒரு பூக்கூட உதிரவில்லை. பெண்ணின் அப்பா இன்றுவரை துரு சாரோடு பேசுவதில்லை.

இதையெல்லாம் நான் ஆபீஸில் நடித்துக் காட்டிக் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தேன். அது என் தங்கை ஸ்டெல்லா விஷயத்தில் வந்து நின்றபோதுதான் சிரிப்பு நின்றது.

ஸ்டெல்லா எங்கள் பள்ளியில்தான் விமானி பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாள். மீன்பிடிக் கிராமத்துப் பெண், எங்கள் கோயில் பங்கிலேயே விமானியாகப்போகும் முதல் ஆள், ஃபாதர் பூசையில் பெயர் சொல்லி ஜெபித்துவிட்டார். ஒரு விமானக் கம்பெனி அவளை நேர்முகத்தில் தேர்ந்தெடுத்து, மாதக் கடைசிக்குள் பயிற்சியை முடித்துவிட்டு வந்தால் வேலை என்று சொல்லியிருந்தது. அதற்கு அவள் இன்னும் சில மணி நேரம் பறக்க வேண்டும். எங்களிடம் இருந்த இரண்டு விமானங்களில் ஒன்று இன்ஜின் வேலைக்காகப் போயிருந்தது. இன்னொன்றை துரு சார் கொட்டகைக்குள் தள்ளி நிறுத்திவிட்டார்.

காரணம் இதுதான். அந்த விமானத்தில் விமானியின் தலைக்கு மேலே, கூரைத் துணிக்குப் பின்னால், குறுக்கே ஒரு உத்திரம் போகிறது. இரண்டு இறக்கைகளையும் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான். அது அரித்துப் போனால் வெளியே இருந்து பார்த்தால் தெரியாது, வானத்தில் வைத்துத்தான் தெரியும். அதனால் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை கூரையைப் பிரித்துப் பார்த்தே தீரவேண்டும் என்பது கட்டாய விதி. அந்தக் கெடு அந்த வாரம் வந்து நின்றது.

"மாசம் முடிஞ்சதும் பிரிச்சிக்கலாமே சார், நாலு நாள்ல இன்னா ஆயிடப் போவுது?" என்றார் முதலாளி.

"ஆவாதுன்னு எல்லாரும் நினைப்பாங்கன்னு தெரிஞ்சுதான் சார் கெடு வெச்சிருக்காங்க. அதுவும் இது உப்பளத்துல நிக்கிற பிளேனு, ஊட்டியில நிக்கல."

முதலாளி கெஞ்சினார், மிரட்டினார். நான் கெஞ்சவில்லை, நேராகக் கத்தினேன். கல்யாண வீட்டில் நாற்காலியை நகர்த்தினால் நகர்த்திவிட்டுப் போங்கள், என் தங்கச்சி வாழ்க்கையை நகர்த்த நீங்கள் யார் என்று கேட்டேன். அவர் டார்ச்சில் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார். "உங்க அம்மா தங்கச்சிக்காகக் கோயில்ல மெழுகுவர்த்தி ஏத்தினாங்களாமே மேனேஜரு. ஏத்தட்டும், நல்லதுதான்" என்று மட்டும் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் அந்த மொபெட்டைத் தூக்கி உப்புப் பாத்தியில் போட்டிருப்பேன்.

ஸ்டெல்லா அழுதுகொண்டே வந்து நின்றாள். "உங்க பொண்ணா இருந்தா இப்படி நிறுத்தி வைப்பீங்களா சார்?" என்று கேட்டாள். துரு சாருக்குப் பிள்ளைகள் கிடையாது. அது அவளுக்குத் தெரியாது. அவர் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு விமானத்துக்குள் ஏறினார்.

கூரைத் துணியை இறக்கினார். சத்தத்தைக் குறைக்க உத்திரத்தின் மேல் ஒட்டியிருந்த பழைய ஸ்பாஞ்சு, டீயில் போட்ட ரஸ்க் மாதிரி ஊறிப்போய் இருந்தது. கடல்காற்றில் இருந்த ஈரம் அத்தனையும் உத்திரத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. துரு சார் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்து எடுத்தார். பசையைத் தட்டையான மரக்குச்சியால் சுரண்டினார். பிறகு கண்ணாடி, பூதக்கண்ணாடி, முள் ஆடும் ஒரு மீட்டர் என்று ஒவ்வொரு அங்குலமாகப் போனார். ஸ்டெல்லா கொட்டகை வாசலிலேயே கிடந்தாள். மறுநாள் சாயங்காலம் அவர் இறங்கி வந்து, "சுத்தமா இருக்கு. அரிப்பு வராம இருக்கப் பூச்சு அடிச்சு மூடுங்க. காலையில கையெழுத்துப் போடுறேன்" என்றார். நாங்கள் அம்மாவுக்கு போன் போட்டுச் சொன்னோம். அம்மா போனிலேயே அழுதார்.

மாதம் முடிய அப்போது இரண்டு நாள்தான் மிச்சம் இருந்தது. அந்த இரண்டு நாளும் பறந்தால் ஸ்டெல்லாவின் கணக்கு சரியாக முடிந்துவிடும். விடிந்ததும் இரண்டு பேரும் ஓடினோம். கொட்டகையில் கூரைத் துணி மறுபடியும் தரையில் கிடந்தது. விமானக் கதவிலிருந்து துரு சாரின் கால்கள் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. முதல் நாள் அடித்த பூச்சை முழுக்க வழித்து எடுத்திருந்தார். இனி புதிதாக அடித்து அது காய இன்னொரு நாள் ஆகும்.

"சார், உங்களுக்கு இன்னா பைத்தியமா? சுத்தம்னு சொன்னது நீங்கதானே?" என்று கத்தினேன்.

இறங்கி வந்தார். மீசையெல்லாம் சுரண்டிய பூச்சின் தூள். என்னைப் பார்க்கவேயில்லை, ஸ்டெல்லாவைப் பார்த்துத்தான் பேசினார்.

"நேத்து பார்த்தது செல்லாதும்மா."

"ஏன் சார்?"

"நீ வெளிய நின்னு அழுதுட்டிருந்த. நான் உள்ளே, கடவுளே எதுவும் இருக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டே பார்த்தேன். இத்தனை வருஷத்துல எந்த பிளேனுக்கும் நான் அப்படி வேண்டிக்கிட்டதில்ல. வேண்டிக்கிட்டுப் பார்க்கிற கண்ணுக்கு, இருக்கிறது தெரியாதும்மா. வீட்டுக்குப் போயிட்டேன், தூக்கம் வரல." மீசையைத் துடைத்துக்கொண்டார். "எம் பொண்ணா இருந்தான்னு கேட்டல்ல? எம் பொண்ணா நினைச்சதுதான் தப்பாப் போச்சு."

ஸ்டெல்லா பையைக் கீழே வைத்துவிட்டு, "டார்ச்சை நான் பிடிக்கிறேன் சார்" என்றாள்.

"நீ பிடிக்கக் கூடாது. வெளிய போயிடு. நீ பக்கத்துல இருந்தா மறுபடியும் அதேதான் ஆவும்."

ஈசிஆர் ரோட்டு டீக்கடையில் போய் உட்கார்ந்தோம். நான் துரு சாரைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தேன். அவள் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். "வேலை போயிடுச்சுண்ணா" என்றாள். கண்ணில் தண்ணீர் வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. "எனக்குக் கோவமே வர மாட்டேங்குதுண்ணா. அவரு என்னை எவ்ளோ நல்லாப் பார்த்துக்கிறாருன்னுதான் தோணுது."

முடிவையும் சொல்லிவிடுகிறேன். அந்த வேலை போனது போனதுதான். கம்பெனி ஒரு நாள்கூடத் தவணை தரவில்லை. ஸ்டெல்லா மிச்சப் பறத்தலை நிதானமாக முடித்து, அடுத்த வருஷம் வேறொரு கம்பெனியில் சேர்ந்தாள். இப்போது சென்னையிலிருந்து பறக்கிறாள். வீட்டில் அந்த வருஷத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அம்மாவைத் தவிர.

அன்றைக்கு நாங்கள் டீக்கடையிலிருந்து திரும்பியபோது மத்தியானம். துரு சார் அப்போதுதான் விமானத்திலிருந்து இறங்கி, கீழே கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "ரெண்டாவது தடவை பிரிச்சீங்களே, இன்னா சார் கெடைச்சது?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல" என்றார். ஸ்டெல்லாவை நிமிர்ந்து பார்த்தார், முகமெல்லாம் சிரிப்பு. "ஒண்ணுமே இல்லம்மா."

என் தங்கைக்கு எத்தனையோ பேர் எத்தனையோ நல்ல சேதி கொண்டுவந்திருக்கிறார்கள். இவ்வளவு சந்தோஷமாக யாரும் சொன்னதில்லை.