ரிசர்ச் அக்கா பிரித்த இரண்டு குரூப்

கும்மிடிப்பூண்டியில் சாம்பாருக்குக்கூட ஆராய்ச்சி ஆதாரம் கேட்ட ஒரே ஆள் எங்கள் ரிசர்ச் அக்காதான். உலகத்திலேயே ஒரே ஆள் என்றுகூடச் சொல்வேன்.

ஒயர் கம்பெனியில் எனக்குப் பக்கத்து மேசை, லேடீஸ் ஹாஸ்டலில் பக்கத்துப் பாய். நான் எட்டாவதோடு நின்றவள், அக்கா பன்னிரண்டாவது பாஸ். கம்பெனி பஸ்ஸில் நாங்கள் ரீல்ஸ் பார்ப்போம். அக்கா, ஏழை நாடுகளில் சர்க்கார் திட்டங்கள் ஏன் பாதியில் படுத்துக்கொள்கின்றன என்று எங்கெங்கோ இருக்கும் பேராசிரியர்கள் எழுதிய கட்டுரைகளை இறக்கி, போனிலேயே தமிழாக்கி, பஸ் முழுக்கக் கேட்கும்படி படிப்பாள். கட்டுரைத் தலைப்புக்குப் பக்கத்தில் திறந்த பூட்டுப் படம் இருந்தால் ஓசி. காசு கேட்டால் உடனே மூடிவிடுவாள்.

"நம்மளப் பத்தி எழுதிட்டு நம்மளுக்கே பூட்டு போடறான் பாரு. இவன் மனசுல இன்னாவோ கள்ளம் கீது."

ஓசியில் கிடைத்ததைச் சும்மா விடுவது பாவம் என்பது அவள் கொள்கை. ஆப்பிரிக்காவில் ஏதோ ஊரில் பெண்கள் கமிட்டி போட்டதும் குழாயடிச் சண்டை நின்றுபோனதாம். மறுநாளே எங்களுக்கும் ஒரு கமிட்டி. அதுவரை தண்ணீருக்கு மட்டும் சண்டை போட்டவர்கள் தலைவி பதவிக்கும் சேர்த்துப் போட்டார்கள். அடுத்தது மெஸ். கிராமசபை மாதிரி எங்களை உட்காரவைத்து, பருப்பு எங்கே போகிறது என்று வார்டனிடம் கணக்குக் கேட்டாள். வார்டன் அதிர்ச்சியில் கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். அடுத்த நாள் சாம்பாரில் பருப்பு மிதந்ததும் அதிர்ச்சி எங்களுக்கு. யாருக்கோ வைத்ததை மாற்றி ஊற்றிவிட்டார்கள் என்று சிலர் சாப்பிடவே இல்லை.

கடைசியாக ஒரு கட்டுரை அவளை ஆட்டிவைத்தது. ஒரு திட்டம் பலிக்குமா என்று தெரிய வேண்டுமானால், சீட்டு குலுக்கி ஒரு குரூப்புக்குக் கொடுக்க வேண்டும், இன்னொரு குரூப்புக்குக் கொடுக்கவே கூடாது. பிறகு இரண்டையும் ஒப்பிட வேண்டும். முதலில் காலையில் விசில் ஊதி எழுப்பும் திட்டம். சீட்டு விழுந்த ரூம் வாசலில் மட்டும்தான் ஊதினாள். ஹாஸ்டலே எழுந்து உட்கார்ந்து திட்டியது. விசிலுக்குச் சீட்டு பார்க்கத் தெரியுமா?

பிறகுதான் ரோடு. கம்பெனி பஸ் ஹைவேக்கு அந்தப் பக்கம் நிற்கும். சிக்னல் இல்லை, பாலம் இல்லை, கண்டெய்னர் லாரிகள் பறக்கும். தினமும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவோம். அக்கா பஞ்சாயத்தில் கேட்டாள். உங்களுக்கு இந்த ஊரில் ஓட்டில்லை என்றார்கள். கம்பெனியில் கேட்டாள். ஆதாரம் இருந்தால் கொண்டு வாம்மா என்றார்கள். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அவளிடம் போய் ஆதாரம் கேட்டுவிட்டார்களே.

மறுபடியும் சீட்டு. சிவப்பு வந்தவர்கள் சிவப்பு துப்பட்டாவைத் தூக்கிப் பிடித்து, கைகோத்துச் சேர்ந்து கடக்க வேண்டும். வெள்ளை வந்தவர்கள் வழக்கம்போலத் தனித்தனியாக. எந்தக் குரூப்புக்கு லாரி நிற்கிறது என்று பார்த்து எழுதிக் கம்பெனியிடம் கொடுப்பாள். எனக்குச் சிவப்பு. அக்காவுக்கு வெள்ளை.

"யக்கா, சும்மா வந்து என் கைய புட்ச்சிக்கோ."

"நானே மாறிட்டா ஆராய்ச்சி கெட்டுப்பூடும்டி. கம்பெனிக்காரன் செல்லாதுன்னு சொல்ட்டு போய்க்கினே இருப்பான். ஒரு வாரந்தான். நீ போ."

ஒரு வாரம் முடியவில்லை. அன்று காலை ஷிப்டுக்குப் போகும்போது, துப்பட்டாவைப் பார்த்து ஒரு லாரி நின்றது. நாங்கள் கடந்தோம். அது கிளம்பியதும் அக்கா ரோட்டில் இறங்கினாள். அதன் மறைவில் இன்னொரு லாரி வந்ததை அவள் பார்க்கவில்லை. சத்தம் கேட்டுத் திரும்பினோம். அவளுடைய டிபன் பாக்ஸ் மட்டும் உருண்டு எங்கள் பக்கம் வந்து சேர்ந்தது.

ஆஸ்பத்திரியில் இறப்புச் சீட்டு எழுத அவள் பெயர் கேட்டார்கள். ரிசர்ச் அக்கா என்று சொல்லிவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எங்களில் யாருக்கும் வேறு பெயர் தெரியவில்லை.

மறுநாள் பஸ் எங்கள் ஹாஸ்டல் வாசலிலேயே வந்து நின்றது. டிரைவர் அண்ணனிடம் இந்தப் பக்கம் எப்படி வந்தது என்று கேட்டேன். "முன்னாடி போய் ஒரு யூ-டர்ன் அட்ச்சேன், அவ்ளோதாம்மா" என்றார். அவருக்கும் அழுகை வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. அவ்வளவுதானா, அவ்வளவுதானா என்று வேலை முடியும்வரை ஒயரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இன்னும் அப்படித்தான் இருக்கிறேன்.

இப்போது யாரும் ரோட்டைக் கடக்க வேண்டியதில்லை. ஆனாலும் பஸ் ஏறும்போது என் கை தானாகப் பின்னால் நீள்கிறது. யாராவது வந்து பிடித்துக்கொள்கிறார்கள். யாரென்று நான் திரும்பிப் பார்ப்பதில்லை.