செவ்வாய்க்கிழமை பிடிக்காத மீன்

காபி வாங்கத்தான் வெர்ன் வெளியே வந்தான். கூண்டு கத்திவிட்டது.

அணு உலைக் கட்டடத்திலிருந்து யார் வெளியே வந்தாலும் அந்தச் சோதனைக் கூண்டுக்குள் போய் இரண்டு கைகளையும் நீட்டிப் பத்து நொடி நிற்க வேண்டும். உடம்பில் எங்கேயாவது கதிர்வீச்சு ஒட்டியிருந்தால் கூண்டு கத்தும், அந்த இடத்துக்கு நேரே சிவப்பு விளக்கு எரியும். இருபத்தாறு வருஷமாக உலைக் குளத்துக்குள் இறங்கிப் பழுது பார்க்கிறவன் வெர்ன். முழங்காலில் ஒரு தடவை, குதிகாலில் ஒரு தடவை அவனுக்கும் விளக்கு எரிந்ததுண்டு. இன்றைக்குத் தலையிலிருந்து கால்வரை அத்தனை விளக்கும் எரிந்தன.

“என்ன வெர்ன், கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கே, அதுக்குள்ள இப்படி ஜொலிக்கிற?” என்று சிரித்துக்கொண்டே வந்தாள் டோரீன். கதிர்வீச்சுச் சோதனைப் பிரிவில் அவள்தான் மூத்தவள். கையிலிருந்த கருவியை அவன் நெஞ்சருகே கொண்டுபோனதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

“இன்னிக்கு நீ இன்னும் தண்ணியிலயே இறங்கலயே?”

“இல்ல.”

“அப்புறம் எங்கேருந்து வந்துச்சு இது?”

எங்கிருந்து வந்தது என்று வெர்னுக்கு நன்றாகத் தெரியும். வாயைத் திறந்தால் பிழைப்பு போச்சு.

ஒரு மாதமாக அவனுக்கு நெஞ்சுக்கு நடுவில் ஒரு வலி. இன்னும் மூன்று வாரத்தில் கம்பெனியின் வருடாந்தர மருத்துவப் பரிசோதனை. இதயத்தில் கோளாறு என்று ஒரு டாக்டர் எழுதிவிட்டால் அன்றைக்கே டைவிங் உரிம அட்டையைக் கிழித்துவிடுவார்கள். போன வருஷம் கூட வேலை பார்த்த பெர்னார்டுக்கு அப்படித்தான் கிழித்தார்கள். அந்த மனுஷர் இப்போது மளிகைக்கடை வாசலில் தள்ளுவண்டிகளை அடுக்கிக்கொண்டிருக்கிறார். வெர்னைக் கண்டால் ஓடிவந்து, “தண்ணி எப்படிடா இருக்கு?” என்று கேட்பார். அதற்குப் பயந்தே வெர்ன் வேறு கடைக்குப் போக ஆரம்பித்துவிட்டான்.

அதனால்தான் நேற்று, விடுமுறை நாளில், ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு மில்பர்னில் இருக்கும் ஒரு சின்னக் கிளினிக்குக்குப் போனான். தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறான் என்பது அவனுக்கே தெரியாது. ட்ரெட்மில்லில் ஓடவிட்டார்கள். இதயத்தைப் படம் பிடிக்கக் கதிர்வீசும் மருந்து ஒன்றை நரம்பில் ஏற்றினார்கள். “ரெண்டு நாளைக்குக் கைக்குழந்தையைத் தூக்காதீங்க” என்று நர்ஸ் சொல்லி அனுப்பினாள். வீட்டில் கைக்குழந்தை இல்லையே என்று நிம்மதியாகத் திரும்பி வந்தான். வேலை பார்ப்பது அணு உலையில் என்பது அந்த மடையனுக்கு உறைக்கவே இல்லை.

அந்தக் கிளினிக்கைப் பற்றிச் சொன்னவன் கஸ். வெர்னுக்குப் பன்னிரண்டு வருஷக் கூட்டாளி. ஒருவன் குளத்தில் இறங்கினால் மற்றவன் கரையில் நின்று காற்றுக்குழாயைப் பிடித்துக்கொள்வான். கஸ் இடைவிடாமல் போல்கா நடன மெட்டுகளை விசிலடிப்பான், தண்ணீருக்கடியில் ஹெல்மெட்டுக்குள்ளும் அடிப்பான். “என் மச்சான் போயிருக்கான்டா. பேரு ஊரு எதையும் தோண்டித் துருவ மாட்டாங்க” என்று எப்போதோ பீர் குடிக்கும்போது சொன்னான். அதை நம்பித்தான் வெர்ன் போனான். படிவத்தில் பெயர் எழுதும் இடம் வந்ததும் மனதில் வந்த முதல் பெயரை எழுதினான்: கஸ் பிலார்ஸ்கி. தலைவலிக்குக்கூட மாத்திரை போடாதவனின் பெயரை எழுதினால் யாருக்கு என்ன கெட்டுவிடும்?

டோரீன் ஒரு தாளை எடுத்தாள். “முதல் கேள்வி. சமீபத்துல ஆஸ்பத்திரிக்குப் போயி ஊசி, ஸ்கேன் ஏதாச்சும்?”

“சேச்சே! நான் ஏன் ஆஸ்பத்திரிக்குப் போறேன்?”

“அப்ப குளிக்க வா.”

மூன்று தடவை சோப்புப் போட்டுத் தேய்த்தார்கள். விளக்கு எரிந்தது. தலையை மழித்தார்கள். எரிந்தது. கல்யாணத்துக்குக்கூட எடுக்காத மீசையை எடுத்தார்கள். அப்போதும் எரிந்தது. இரண்டு காகித உடுப்புகளை மாட்டி, உரித்த கோழியைப் போல அவனை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

“தோல்ல இல்ல. உள்ள போயிருக்கு” என்றாள் டோரீன். “ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பிட்டேன். என்ன சரக்குன்னு மத்தியானத்துக்குள்ள சொல்லிடுவாங்க.”

லண்ட் வந்து சேர்ந்தார். குளத்தில் இறங்கும் டைவர்களுக்கு மேலாள் அவர். குளத்தடியில் பதினான்கு மரையாணிகளை மாற்றி முடித்தால்தான் வெள்ளிக்கிழமை உலையை மறுபடி ஓட்ட முடியும். ஆறுதான் முடிந்திருந்தது.

“திங்கக்கிழமை கூண்டு கத்தலை. இன்னிக்குக் கத்துது. நேத்து எங்கய்யா போய்த் தொலைஞ்ச?”

“மீன் பிடிக்க.”

“எங்கே?”

“ஏரியிலதான்.”

உலையின் வெந்நீர் போய் விழுவது அந்த ஏரியில்தான் என்பது சொன்ன பிறகுதான் வெர்னுக்கு ஞாபகம் வந்தது. லண்ட் மெதுவாக உட்கார்ந்தார்.

“பிடிச்ச மீனு எங்கே?”

மீனைக் கொண்டுவா என்று சொல்லிவிடுவார்களே! “தின்னுட்டேன்” என்றான் வெர்ன்.

“எத்தனை?”

“ஏழு.”

“ஏழையும் ஒத்தை ஆளாவா?”

“ஆர்டிஸும் தின்னா” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆர்டிஸ் அவன் மனைவி. அவள் கடைசியாகக் கண்ட மீன் டப்பாவில் வந்தது.

அப்புறம் நடந்ததைக் கேட்கவா வேண்டும்? அரை மணி நேரத்தில் மூன்று படகுகள் ஏரியில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தன. வெள்ளிக்கிழமை மீன் வறுவல் வேண்டாம் என்று ஊரிலிருக்கும் நாலு மதுக்கடைகளுக்கும் போன் போயிற்று. விஸ்கான்சின் மாநிலத்தில் வெள்ளிக்கிழமை மீனை நிறுத்துவது ஞாயிற்றுக்கிழமை சர்ச்சைப் பூட்டுவதற்குச் சமம். உலை மேலாளர் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மேலிடத்தோடு பேசிக்கொண்டிருந்தார். ஆர்டிஸை அழைத்துவர ஒரு வெள்ளை வேன் கிளம்பியது.

“மிச்சம் எட்டு மரையை யாரு மாத்துறது?” என்று லண்ட் தலையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த ஷிப்ட் ஆள் இருந்தான், ஆனால் அந்த வாரத்துக்கு அனுமதித்த கதிர்வீச்சு அளவு அவனுக்கு முடிந்துவிட்டது. கரையில் நின்று குழாய் பிடிக்கத்தான் ஆவான்.

“கஸ் இருக்கானே!” என்றான் வெர்ன்.

வாசலில் சாய்ந்து விசிலடித்துக்கொண்டிருந்த கஸ் சட்டென்று நிறுத்தினான். “நானா? எனக்குக் காது அடைச்சிருக்கு, லண்ட். நாளைக்குப் பாக்கலாமே.”

வசந்த காலத்திலிருந்தே கஸ் இப்படித்தான். காது அடைப்பு, முதுகுப் பிடிப்பு என்று ஏதாவது சொல்லிக் கரையிலேயே நின்றுகொள்வான். “நீ இறங்குடா, உனக்கு நாலு காசு கூட வரட்டும்” என்பான். நல்ல மனசு என்று வெர்ன் நினைத்திருந்தான். இப்போது அந்த நல்ல மனசுக்கு நேரமில்லை. எட்டு மரையும் முடிந்துவிட்டால் லண்டின் கோபம் பாதி இறங்கும்.

“அவன் சோம்பேறி, விடாதீங்க” என்றான் வெர்ன். “ஆளு எருது மாதிரி இருக்கான். நெஞ்சைத் தட்டிப் பாருங்க, எப்படி கணீர்னு இருக்குன்னு!”

கஸ் அவனையே பார்த்துக்கொண்டு நின்றான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். லண்ட் அவன் பேரை எழுத அட்டையோடு காத்திருந்தார்.

“சரிடா. நீ சொன்னா சரி” என்று சொல்லிவிட்டு உடுப்பு மாட்டப் போனான். போகும்போது மறுபடி விசிலடித்தான். மெட்டு கொஞ்சம் நொண்டியது.

குளத்தடியிலிருந்து வரும் குரலைக் கேட்க லண்டின் தோளில் ஒரு சின்ன ஸ்பீக்கர் தொங்கும். கால் மணி நேரத்தில் அதிலிருந்து போல்கா கிளம்பியது. “இவன் தண்ணியிலயும் சும்மா இருக்க மாட்டானா, என் காதைக் கொல்றான்” என்று லண்ட் முணுமுணுத்தார்.

ஆர்டிஸ் வந்தாள். அவளுக்கும் காகித உடுப்பு. ஒரு கையில் நாய். அதற்கும் காகிதத்தில் ஒரு சட்டை. புருஷனின் மொட்டைத் தலையையும் மீசையில்லாத முகத்தையும் பார்த்து அடையாளம் தெரிந்துகொள்ள அவளுக்குச் சற்று நேரம் ஆயிற்று.

“மேடம், நேத்து எத்தனை மீன் சாப்பிட்டீங்க?” என்றார் லண்ட்.

“மீனா? இந்த ஆளு மீன் வாசனை பட்டாலே ஜன்னலைத் திறக்கிறவராச்சே! தூண்டில் எந்தப் பக்கம் பிடிக்கணும்னுகூட இவருக்குத் தெரியாது.” அவள் வெர்ன் பக்கம் திரும்பினாள். “நேத்து ஓவர்டைம்னு சொல்லிட்டுத்தானே போன? சாயங்காலம் கையில பஞ்சை ஒட்டிக்கிட்டு வந்து, முள்ளு கீறிடுச்சுன்ன. யாருய்யா அவ?”

“எவளும் இல்ல, ஆர்டிஸ்!”

“உலைக்குள்ள முள்ளுச் செடி ஏதுய்யா? அவ பேரைச் சொல்லு. சொல்லிடு, நான் போயிடறேன்.”

அவள் குரல் உடைந்தது. நாயும் சேர்ந்து ஊளையிட்டது. லண்ட் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து டோரீன் ஒரு சீட்டோடு உள்ளே வந்தாள். “லண்ட், படகுகளைத் திரும்பக் கூப்பிடுங்க. இது நம்ம குளத்துச் சரக்கே இல்ல. ஏரியிலயும் இருக்காது. இதயத்தைப் படம் பிடிக்க ஆஸ்பத்திரியில ஏத்துற மருந்து.” அவள் வெர்னைப் பார்த்தாள். “தலையை மழிக்கிறதுக்கு முன்னாடியே கேட்டேனேடா பாவி.”

வெர்ன் எல்லாவற்றையும் சொன்னான். வலி, மில்பர்ன், ட்ரெட்மில், ஊசி. கஸ்ஸின் பெயரை எழுதியதை மட்டும் விழுங்கிவிட்டான். பெர்னார்டின் தள்ளுவண்டிகளைப் பற்றிச் சொல்லும்போது அழுகை வந்துவிட்டது.

ஆர்டிஸ் நாயைக் கீழே விட்டாள். அவன் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். பிறகு அதே தோளைப் பிடித்துக்கொண்டாள். “ஒரு மாசமா நெஞ்சுவலியை மறைச்சிருக்கியே, படுபாவி. எவளோ ஒருத்தின்னு சொல்லியிருந்தாக்கூட எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்.”

“இப்ப நீ சொல்றதையாவது எப்படி நம்பறது?” என்றார் லண்ட். “ஏரி பூராத் தண்ணி மொண்டிருக்கேன். மேலிடத்துக்குப் பதில் சொல்லணும். அந்தக் கிளினிக் நம்பரைக் குடு.”

எல்லாருக்கும் கேட்கும்படி போனை மேஜைமேல் வைத்தார். ஒரு பெண்குரல் உற்சாகமாக எடுத்தது.

“வெர்னன் ஹால்வர்சனா? நேத்து அப்படி யாரும் வரலையே சார்.”

லண்டின் முகம் சிவந்தது. வெர்ன் கண்ணை மூடிக்கொண்டான். “கஸ் பிலார்ஸ்கின்னு பாரும்மா” என்றான். “அது நான்தான். பேரை மாத்திக் குடுத்துட்டேன். சொல்லு, எல்லார் முன்னாடியும் சொல்லு.”

“அடப்பாவி, கூட்டாளி பேரையா குடுத்த?” என்றார் லண்ட்.

தாள் புரளும் சத்தம் கேட்டது. ஆர்டிஸின் விரல்கள் அவன் தோளில் இறுகின. இருபத்தாறு வருஷமும் அந்தச் சத்தத்துக்குள் இருப்பதாக வெர்னுக்குத் தோன்றியது.

“ஓ, நீங்களா அது! ரிசல்ட் காலையிலயே வந்தாச்சே. இதயம் பிரமாதமா இருக்காம். அது வெறும் வாயு. சாசேஜைக் குறைச்சுக்கச் சொல்லி டாக்டர் எழுதியிருக்கார்.”

ஆர்டிஸ் அவன் மொட்டைத் தலையில் முத்தமிட்டாள். டோரீன் கைதட்டினாள். வெர்ன் அழுதுகொண்டே சிரித்தான். மீசை போனால் போகட்டும், மறுபடி தண்ணீருக்குள் போகலாம்! லண்டுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “வாயுவுக்காக ஒரு ஏரியையே மூடினேனா? உன் அட்டையைக் கிழிக்க மாட்டேன்யா, உன்னைத்தான் கிழிக்கப்போறேன்” என்றார். தோள் ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். “அப்பாடா! இந்தக் கஸ்ஸும் ஒருவழியா விசிலை நிறுத்திட்டான்.”

போனில் அந்தப் பெண் இன்னும் இருந்தாள்.

“சார், வச்சிடாதீங்க. ஹால்வர்சன்னு தேடினதுல மார்ச் மாசத்து ஃபைல் ஒண்ணு வந்திருக்கு. இதய ஆபரேஷனுக்கு வரச் சொல்லி நாலு லெட்டர் போட்டோம், விலாசம் தப்புன்னு நாலும் திரும்பி வந்துடுச்சு. குளிக்கிற தொட்டியிலகூடத் தனியா இறங்கக் கூடாதுன்னு டாக்டர் தலையால அடிச்சுக்கிட்டாரு. ட்ரெட்மில்லுல ஓடும்போதுகூடப் போல்கா விசிலடிச்சுக்கிட்டே இருந்தாரே, அந்த ஹால்வர்சன் நல்லா இருக்காரா?”