விளக்கு வீட்டுக்கு ஓர் அடுப்பு

இப்போதெல்லாம் விருந்தாளி செருப்பைக் கழற்றும்போதே வீட்டின் அகலத்தைக் கண்ணால் அளந்துவிடுகிறான் என்பது காத்தமுத்துக் கிழவரின் தீராத குறை. ஒளிக்கரை நாட்டில் அப்படிச் சொல்லக் காரணம் இருந்தது.

அந்த நாட்டை உண்டாக்கியவர்கள் விளக்குக்காரர்கள். விளக்கேற்றிக் கும்பிடுவது குற்றம் என்று பழைய தேசத்து அரசன் சொன்னதால் கப்பலேறியவர்கள். காத்தமுத்துவின் தாய் ஒரு பித்தளை விளக்கை அரிசி மூட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவந்தாள். கரையேறியதும் அதற்கொரு வீடு கட்டினார்கள். முதல் சட்டமும் எழுதினார்கள்: இங்கே யாரும் எப்படியும் கும்பிடலாம்.

பிறகு கண்மூடிகள் வந்தார்கள். இருட்டில் கண்ணை மூடிக் கும்பிடுகிறவர்கள். பக்கத்து நாட்டில் அடித்து விரட்டப்பட்டவர்கள். பாவம் என்று ஆற்றோர நிலத்தைக் கொடுத்தார்கள். கண்மூடிகள் பெருகினார்கள். தேர்தலில் வென்றார்கள். வென்றதும் சகிப்புத் துறை என்று ஒன்றைத் திறந்தார்கள்.

அதன் தலைமை அதிகாரி மெய்யழகர், கையில் பெரிய பூட்டுடன், காத்தமுத்து பார்த்துக்கொள்ளும் விளக்கு வீட்டுக்கு வந்தார்.

"பெரியவரே, உங்களைச் சகித்துக்கொள்வதென்று அரசு முடிவெடுத்திருக்கிறது."

"சகிச்சுக்கிறதுக்கு நாங்க என்ன பல்வலியாய்யா?"

"நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் கேள்வி கேட்கிறீர். பொது இடத்தில் விளக்கு கூடாது. குடியிருக்கும் வீட்டில் ஏற்றலாம். இதைவிடப் பெருந்தன்மை உலகில் இல்லை."

"குடியிருக்கிற வீடுன்னு எதை வெச்சுச் சொல்லுவீரு?"

மெய்யழகர் இதை எதிர்பார்க்கவில்லை. "அடுப்பு புகைந்தால் வீடு" என்றார்.

காத்தமுத்து வெளியே போய் மூன்று கல்லும் ஒரு பானையும் கொண்டுவந்தார். விளக்குக்கு எதிரிலேயே அடுப்பைப் பற்றவைத்தார். அதிகாரி இருமிக்கொண்டே பூட்டைக் கதவு வளையத்தில் திறந்தபடி தொங்கவிட்டார். "என்று புகை நிற்கிறதோ அன்று பூட்டுவேன்."

அன்றிலிருந்து ஊரே விறகு சுமந்தது. கும்பிட வந்தவர்கள் கண் எரிந்து அழுததை, பக்தி முற்றிவிட்டதாகத் துறை குறித்துக்கொண்டது.

அடுத்த ஆணை வந்தது: வீட்டு விளக்கை அந்த வீட்டுக் குடும்பத்தார் மட்டுமே கும்பிடலாம்.

காத்தமுத்து ஊரைக் கூட்டினார். "இன்னிக்கிலேர்ந்து நீங்க எல்லாரும் என் புள்ளைங்க. கருப்பாயி, நீ என் மூத்த மக."

"அட எடுபட்ட பயலே, ஒனக்குத் தொட்டில் ஆட்டுனவ நானு!"

"சட்டத்துக்கு அது தெரியாதுக்கா. அப்பான்னு கூப்புடு."

பல்லில்லாத வாயால் கருப்பாயி அப்பா என்றாள். ஊர் சிரித்தது. துறை சிரிக்கவில்லை. மூன்றாவது ஆணை போட்டது: குடும்பத்துக்கு ஒரு ஓட்டு. இப்படியாக, நாட்டை உண்டாக்கிய கூட்டத்துக்கெல்லாம் சேர்த்து ஒரே ஒரு ஓட்டு மிஞ்சியது. நாட்டில் முழு ஒற்றுமை நிலவுவதாக மெய்யழகர் அறிவித்தார்.

அடுத்த தேர்தலில் கண்மூடிகளே இரண்டாகப் பிரிந்தார்கள். கண்ணை மட்டும் மூடினால் போதாது, காதையும் அடைத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்சி வென்றது. மழை கொட்டிய ஒரு மாலை, மெய்யழகர் மனைவியோடு விளக்கு வீட்டு வாசலில் நின்றார். நெற்றியில் கல்லடி.

"சகிக்கிறதுக்கு வந்தீரா?" என்றார் காத்தமுத்து.

"வீட்டைக் கொளுத்திட்டாங்க, பெரியவரே. ராத்திரிக்குள்ள தேடிப் புடிச்சிடுவாங்க. உங்க குடும்பத்துல எங்களையும் சேத்துக்கணும்."

காத்தமுத்து அந்த அம்மாளின் நடுங்கும் தோளைப் பார்த்தார். "அப்பான்னு கூப்புடும். சோறு இருக்கு."

மெய்யழகர் கூப்பிட்டார். அடுப்பருகே உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டார். சாப்பிட்டதும் குரல் பழையபடி திரும்பியது.

"மீண்டும் ஆட்சிக்கு வந்தால், உங்களுக்கென்று சிறப்பானதொரு சகிப்புச் சட்டம் எழுதித் தருவேன் அப்பா." பிறகு, பழக்கத்தில், கூரையை அண்ணாந்து பார்த்தார். "புகை கொஞ்சம் குறைகிறதே?"

காத்தமுத்து எழுந்தார். கதவு வளையத்தில் தொங்கிய பூட்டைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, விறகு கொண்டுவர மழையில் இறங்கி நடந்தார்.