மவுஸை வீணாக ஆட்டாத மெகாபைட் நானா

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு குட்ஷெட் பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். கண்டிப் பக்கத்தில் நான் விட்டுவிட்டு நடந்த ஏழாவது வேலை அது. பிலிமத்தலாவை பேக்கரி உட்பட மற்ற ஆறையும் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. எல்லோரும் அண்ணன் முறையில் 'மெகாபைட் நானா' என்று அழைக்கும் முதலாளியின் கம்ப்யூட்டர் கடையை மட்டும் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன்.

இந்த மலைநாட்டில் அவரளவு பருமனை வெறுத்த மனிதர் பிறக்கவில்லை. அவர் உடம்பைச் சொல்லவில்லை. அது கடைவாசலில் பக்கவாட்டில்தான் நுழையும். அவருக்கு ஆகாதது கொழுத்த வீடியோ. வாடிக்கையாளர்களை ஆள் பெயரால் அல்ல, பைல் அளவால்தான் நினைவு வைத்திருப்பார். "அந்த ஒன்றரை ஜீபி ஐயா வாறார், கதிரையப் போடுங்க தம்பி" என்பார்.

போட்டோகொப்பி, பிரின்ட் எல்லாம் உண்டு. ஆனாலும் கடையின் பெருமை, ஆசிரியர்களுக்குக் கணினித் திரையில் பாடத்தைப் பதிந்து கொடுப்பதுதான். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு அதை அவர்தான் பழக்கினார்.

"செக்கனுக்குப் பத்துப் படம் போதும். பாடந்தானே ஈக்கி, கிரிக்கெட்டா ஆடுறாங்க?" அவர் வாயில் 'இருக்கு' எப்போதும் 'ஈக்கி'தான்.

பின்திரையில் அருவி, பூ, பேரப்பிள்ளை எதுவும் கூடாது, கறுப்பு மட்டும். யாராவது மவுஸைச் சும்மா அசைத்தால், சோற்றில் மண் விழுந்ததுபோல் துடிப்பார். "ஆட்டாதீங்க மிஸ்! ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பைல் கொழுக்கும்!"

இன்னொரு சட்டமும் இருந்தது. பதிவது எம்.கே.வி. என்ற பைல் வகையில், அனுப்பும்போதுதான் எம்.பி. ஃபோருக்கு மாற்ற வேண்டும். எம்.கே.வி. என்றால் நடுவில் கரன்ட் போனாலும் அதுவரை பதிந்தது மிஞ்சும். எம்.பி. ஃபோரை முறையாக முடித்து மூடாவிட்டால் திறக்கவே திறக்காது. கடையில் பற்றரி செத்த யூ.பி.எஸ். ஒன்று இருந்தது. நானா தின்னும் பன்னை, அதாவது பணிஸை, வைக்கும் தட்டைத் தாங்குவது மட்டுமே அதன் வேலை.

அன்று குண்டசாலையிலிருந்து ஒரு மிஸ் வந்தார். இணையவழி வகுப்பு நடத்தும் நிறுவனம் ஒன்று வேலைக்கு மாதிரிப் பாடம் கேட்டிருந்தது. ஐந்து மணிக்குள் போக வேண்டும், இருபத்தைந்து எம்.பி.க்கு மேல் ஏற்காது.

"இது கெடச்சா தேயிலைத் தோட்டத்துல இருந்து அம்மாவக் கூட்டிட்டு வந்துருவேன் அண்ணே" என்றார்.

நானா லுஹர் என்ற நண்பகல் தொழுகைக்குப் போயிருந்தார். எதற்கு இரண்டு வேலை என்று நேராக எம்.பி. ஃபோரிலேயே பதிந்தேன். இருபது நிமிடம் பின்னக் கணக்கு நடத்தி, "நன்றி பிள்ளைகளே" என்று மிஸ் சொல்ல வாயெடுத்தார். கரன்ட் போனது.

மூன்றரைக்கு வந்தது. பைல் இருந்தது, திறக்கவில்லை. மிஸ் என்னைத் திட்டவில்லை. கைக்குட்டையை எடுத்தார்.

தொழுதுவிட்டு வந்திருந்த நானா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எழும்புங்க" என்றார். அவரே உட்கார்ந்தார். "மிஸ், இன்னொருக்கா சொல்லுங்க. இப்ப எனக்குச் சொல்லுங்க. பின்னம் எனக்கும் வெளங்காது."

மிஸ் சிரித்துவிட்டார். முதல் தடவையைவிட நன்றாக நடத்தினார். எம்.கே.வி.யில் பதிந்து, மாற்றி, பதினெட்டு எம்.பி.யாகப் போய்ச் சேர்ந்தபோது ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. அவர்கள் இரண்டு பேரும் பணிஸைப் பிய்த்துக்கொண்டிருக்கையில், இனி இங்கே முகம் காட்ட முடியாதென்று நான் சொல்லாமல் பையை எடுத்தேன்.

பஸ் ஸ்டாண்டில் போன் ஒலித்தது. நானா அனுப்பிய வீடியோ. பேச்சில்லை. இருநூறு கேபிகூட இல்லை. கறுப்புத் திரையில் ரெக்கோடிங் செட்டிங்ஸ் திறக்கிறது. எம்.பி. ஃபோர், எம்.கே.வி.யாக மாறுகிறது. பிறகு மவுஸ் அம்பு மெல்ல நகர்ந்து, என் பெயர் போட்ட போல்டருக்குப் போகிறது. அதைச் சுற்றி வட்டம் போடுகிறது. இன்னொரு வட்டம். இன்னுமொன்று.

வீணாக ஒரு அங்குலம் மவுஸை ஆட்டாத மனிதர்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு எனக்கு ஒரு வேலை கிடைத்தது. அதே கடை, அதே கதிரை. நானா தலையை நிமிர்த்தவில்லை.

"அந்தப் பதினெட்டு எம்.பி. மிஸ்ஸ இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டு ஈக்கி. உங்கட பணிஸ் யூ.பி.எஸ். மேல ஈக்கி."