சர்டிபிகேட் அக்காவும் என் பாதிப் பூட்டும்

கம்ப்யூட்டரை ஒரு நிமிஷம்கூட நம்பாமல் கம்ப்யூட்டர் கடை நடத்திய ஒரே பிறவி, எனக்குத் தெரிந்து, சர்டிபிகேட் அக்காதான். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஆறு கம்ப்யூட்டர் போட்டு ப்ரவுசிங் சென்டர் வைத்திருந்தார். நிஜப் பேர் எனக்குத் தெரியாது. ஊருக்கும் தெரியாது.

அவர் கடையில் யாரும் நினைத்த மாத்திரத்தில் பாஸ்வேர்டு அடித்துவிட முடியாது. திரையின் கீழ் மூலையில், அடிப்பது வழியில் யார் கண்ணிலும் படாது என்று காட்டும் பூட்டுப் படம் இருக்கிறதா என்று முதலில் அக்கா பார்ப்பார். இருந்தால் அதை ரெண்டு தட்டு தட்டி, திறக்கிற வெப்சைட் சர்டிபிகேட்டில் யார் பேர், எந்தத் தேதிவரை என்று வாய்விட்டு வாசிப்பார். தேதி முடிந்திருந்தால் வாசலைக் காட்டுவார். துபாயில் இருக்கும் தம்பிக்கு மெயில் அனுப்ப வந்தவரை, "பூட்டு இல்லைங்க, லெட்டரே போட்டுருங்க" என்று போஸ்ட் ஆபீசுக்கு அனுப்பினார். இங்கே சர்டிபிகேட் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, உடையார்பாளையத்திலிருந்து ஒரு பெரியவர் வருமானச் சான்றிதழோடு வந்து நின்றாராம். அதையும் அக்கா தேதி பார்த்துத்தான் திருப்பிக் கொடுத்தாராம்.

2006 வாக்கில் நான் அரியலூரில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் ஆபீசில் புரோகிராமர். மொத்தம் மூன்று பேர். அதில் நான்தான் மேதை. மற்ற ரெண்டு பேருக்கும் இது தெரியாது. ஒரு லாரி புக்கிங் ஆபீசுக்கு வெப்சைட் செய்திருந்தேன். ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் லோடுக்கு நிற்கும் லாரிகளின் முறை அதில் நொடிக்கு நொடி தானாக மாறும். முறை வந்ததும் லாரிக்காரர் தன் ரகசிய எண்ணை அடித்து லோடை எடுத்துக்கொள்ளலாம். ஆபீசோடு பேச ஒரு சாட் பெட்டியும் உண்டு.

பக்கத்துக்குப் பூட்டு போட்டிருந்தேன். ஆனால் தானாக மாறும் அந்தப் பகுதி மட்டும், பூட்டு போட்டால் இணையவே மாட்டேன் என்றது. ரகசிய எண்ணும் சாட்டும் போவது அதன் வழியாகத்தான். மூணு வாரம் முட்டிப் பார்த்துவிட்டு, அதை மட்டும் பூட்டில்லாமல் விட்டேன். அதனால், 'இதில் பாதுகாப்பில்லாததும் கலந்திருக்கிறது, காட்டலாமா?' என்று ஒவ்வொரு தடவையும் ஒரு பெட்டி வந்து கேட்கும். நான் உபயோகக் குறிப்பில் 'யெஸ் அழுத்தவும்' என்று சிவப்பு எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தேன். பிரச்சினை தீர்ந்தது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமைக்குள் எல்லோரும் உபயோகிக்கத் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று லாரி ஆபீசில் சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை, பாடாலூர் லாரிக்காரர் ஒருவர் பெரம்பலூரிலிருந்து போன் செய்தார்.

"தம்பி, இந்தக் கடை அக்கா யெஸ் அழுத்த விட மாட்டேங்குது. நீங்களே வந்து பேசிக்கங்க."

அடுத்த பஸ்ஸில் போனேன்.

"நீங்கதான் யெஸ் அழுத்தச் சொன்னவரா?" என்றார் அக்கா.

"ஆமாங்க. அது சும்மா கேக்கும். நொடிக்கு நொடி ரியல் டைம்ல மாறணும்னா அப்படித்தான்."

"பாதுகாப்பு இல்லைன்னு அதுவே சொல்லுது. நீங்க ஏங்க பரவால்லங்கறீங்க?"

பத்து நிமிஷம் இங்கிலீஷ் கலந்து விளக்கினேன். எனக்கே பாதி புரியவில்லை. அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு நாற்காலியைக் காட்டினார். "உள்ள போயி ஏதாச்சும் டைப் பண்ணுங்க. நான் அந்தப் பக்கம் பாக்குறேன்."

மரியாதைக்கு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். சோதனை எண்ணை அடித்து, சாட் பெட்டியில், அரியலூரில் மறுமுனையைப் பார்த்துக்கொண்டிருந்த என் ஆபீஸ் நண்பனுக்கு ஒரு வரி எழுதினேன்.

அந்தப் பக்கக் கம்ப்யூட்டரிலிருந்து அக்கா குரல் வந்தது. ரேஷன் கார்டில் பேர் வாசிக்கிற மாதிரி வாசித்தார். "'இங்க ஒரு லூசு அக்காகிட்ட மாட்டிக்கிட்டேன். அரை மணியில சரிக்கட்டிட்டு வரேன்.' லூசு அக்காங்கறது நான்தானுங்களா?"

அவசரமாக அந்த வரியை அழிக்கப் பார்த்தேன். அது ஏற்கெனவே போய்விட்டிருந்தது.

"ரகசிய எண் ஒண்ணு ரெண்டு மூணு நாலு. அதுவும் வந்துருச்சு. அரை மணியெல்லாம் பத்தாதுங்க. டீ சொல்லட்டுங்களா?"

பூட்டில்லாமல் கடை வயரில் போவதையெல்லாம் காட்டும் சாஃப்ட்வேர் ஒன்றை அவர் அங்கே ஓட விட்டிருந்தார். பிறகு லாரிக்காரரைக் காட்டினார். "இவரு லாரி மூணு நாளா வரிசையில நிக்குது. எவனாச்சும் இந்த மாதிரி இவரு எண்ணைப் பாத்துட்டா முறை போயிரும்." லாரிக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் டீ இறங்கவில்லை.

சாயங்காலம்வரை உட்கார்ந்தேன். பிழையைக் கண்டுபிடித்ததும் அக்காதான். என் சர்டிபிகேட்டை வழக்கம்போல வாய்விட்டு வாசித்தவர் நிறுத்தினார். "இதுல இருக்கற பேரு வேற, இந்தப் பகுதிக்கு நீங்க குடுத்திருக்கற பேரு வேற. அப்புறம் எப்படிங்க தொறக்கும்?"

அந்தப் பகுதிக்கு நான் தனியாக வேறு வெப்சைட் பேர் வைத்திருந்தேன்; சர்டிபிகேட்டில் இருக்கும் பேருக்குத்தான் பூட்டு விழும். மாற்ற வேண்டியது ஒரே ஒரு வரி. மாற்றினேன். முழுப் பக்கமும் பூட்டோடு வந்தது, லாரி முறை தானாக நகர்ந்தது, எந்தப் பெட்டியும் எதுவும் கேட்கவில்லை. திங்கட்கிழமை வேலை தப்பித்தது.

கிளம்பும்போது, "இதெல்லாம் எங்க படிச்சீங்கக்கா?" என்றேன்.

அவர் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "முன்னே ஒரு பொண்ணு இங்க உக்காந்து மெயில் பாத்துச்சு. பக்கத்துல இருந்த எவனோ பாஸ்வேர்டை எடுத்து, அதுக்கு வந்த இன்டர்வியூ லெட்டரை அழிச்சுட்டான். என் கடையில நடந்தது. அப்புறந்தான் தேடித் தேடிப் படிச்சேன்."



அடுத்த வெப்சைட்டை முடித்ததும், யாரும் கூப்பிடாமலே பெரம்பலூர் பஸ் ஏறினேன். அக்கா ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, பூட்டைத் தட்டி, பேரையும் தேதியையும் வாசித்தார். அரை மணி ஆயிற்று.

"எல்லாம் சரியா இருக்குதுங்களே. அப்புறம் எதுக்கு இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"சும்மாதாங்க்கா" என்றேன். ஒரு மணி நேரம் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்ததற்கு அதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை.