அக்காவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், மாப்பிள்ளை

அன்பும் பொறுமையும் ஒருங்கே வாய்த்த மைத்துனர் அவர்களுக்கு, உங்கள் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். உங்கள் அக்காவின் கால் முக்கால் நலம். உங்கள் வீட்டில் எல்லோரும் முழு நலமாக இருப்பீர்கள் என்று நம்பி, விஷயத்துக்கு வருகிறேன்.

அக்கா குளியலறையில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டு ஆறு வாரம் ஆகிறது. கட்டிலில் படுத்த முதல் நாளே, "கால் போனாப் போகுது, என் தோட்டத்தைப் பார்க்க முடியலையே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. தோட்டத்தை எண்ணெய் வண்ணத்தில் வரைந்து கட்டிலுக்கு எதிரே மாட்டிவிடுவது என்று முடிவு செய்து, மாடி வீட்டு ஓவிய டீச்சரிடம் சேர்ந்தேன். முப்பத்தொரு வருஷம் நில அளவையில் இருந்தவனுக்கு நாலு செடி வரைய வராதா என்று ஒரு நினைப்பு. டேப்பை எடுத்து ரோஜாவுக்கும் செம்பருத்திக்கும் இடைவெளி அளந்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் கொண்டுபோய்க் காட்டினேன். டீச்சர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சார், இதுல எந்த மனை விற்பனைக்கு?" என்று கேட்டார்.

அப்புறம் அவரே பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். "இலையை வரையாதீங்க சார். இலைக்கு நடுவுல இருக்கிற இருட்டை முதல்ல போடுங்க. வெளிச்சம் கடைசியில தானா வரும்." போட்டேன். நாலு நாள் இருட்டு மட்டும்தான் வந்தது. எண்ணெய் வண்ணம் லேசில் காயாது என்பதும் எனக்குத் தெரியாது. காயட்டும் என்று வெளியே வைத்தால் கொசுவெல்லாம் வந்து ஒட்டிக்கொண்டது, அதை எடுக்கப் போய் என் சட்டைக் கை வானத்தைத் துடைத்துவிட்டது, அந்தக் கையோடு கதவைத் திறந்ததில் வீட்டுக் கைப்பிடியெல்லாம் நீலம். ஆனாலும் விடவில்லை, மாப்பிள்ளை. மூன்றாவது வாரம் ஒரு செம்பருத்தி நிஜமாகவே செம்பருத்தி மாதிரி வந்துவிட்டது. எனக்கே நம்ப முடியல. சின்னப் பிள்ளை மாதிரி ரெண்டு தடவை போய்ப் போய்ப் பார்த்தேன்.

தப்பு நடந்தது இங்கேதான். தண்ணீர் ஊற்றினால் இலை பளபளத்து நிறமே மாறிவிடுகிறது. சரி, படம் முடியட்டும், அப்புறம் சேர்த்து ஊத்திக்கலாம்னு விட்டுட்டேன். "செடிக்குத் தண்ணி ஊத்துனீங்களா?" என்று அக்கா உள்ளேயிருந்து தினமும் கேட்பாள். "ஓ, ஊத்தியாச்சே!" என்று நானும் தூரிகையைக் கடித்துக்கொண்டே சொல்வேன். போதாக்குறைக்குத் தூரிகை கழுவின டர்பன்டைனை ரோஜா வேரில் கொட்டியிருக்கிறேன். வாட வாட, பழைய ஞாபகத்தை வைத்து வரைந்தேன். இப்போது படத்தில் தோட்டம் பச்சைப் பசேல். பின்கட்டில் நிற்பது வெறும் குச்சி.

நாளை மறுநாள் டாக்டர் கட்டுப் பிரிக்கிறார். பிரித்ததும் அவள் முதலில் போகிற இடம் எதுவென்று உங்களுக்குத் தெரியும். பதினெட்டு வருஷம் வளர்த்த தோட்டம். அவள் திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வேன், பேசாமல் நின்றுவிட்டால் என்னால் முடியாது. ஆகவே நாளைக்கே புறப்பட்டு வந்து, தம்பி என்ற உரிமையில் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். அந்த நேரம் நான் மாடியில் இருப்பேன்.

தங்கைக்கு என் அன்பு. குழந்தைகள் நன்றாகப் படித்து, எதையும் வரையாமல் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
தலைமறைவாகப் போகும்
உங்கள் அத்தான்

பி.கு.: நீங்கள் வர வேண்டாம். உறை தேடிவிட்டுத் திரும்பி வந்தால், அக்கா ஊன்றுகோலோடு மேசையருகே நின்று இதைப் படித்துக்கொண்டிருக்கிறாள். பத்து நாளாக நான் பின்கட்டில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் சமையலறை வரை நடந்து பழகியிருக்கிறாள். நடந்த முதல் நாளே ஜன்னல் வழியாகக் குச்சிகளைப் பார்த்துவிட்டாளாம். "அப்பவே ஏன் கேக்கலை?" என்றேன். "செடி போனா நட்டுக்கலாங்க. இத்தனை வருஷத்துல நீங்க அந்தத் தோட்டத்தை உக்காந்து பார்த்ததே இப்பத்தான். அதைக் கெடுப்பானேன்னு திரும்ப வந்து படுத்துக்கிட்டேன்" என்றாள். பிறகு படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, இதுல ஆளே இல்லையே?" என்றாள். இப்போது எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். மனுஷியை வரைவது இலையைவிடக் கஷ்டம், மாப்பிள்ளை. ஆடாமல் இரு என்றால் கேட்கிறாளா, சிரித்துக்கொண்டே இருக்கிறாள்.